கிட்டுசாமி போட்ட ஜாமீன்

"கொஞ்சம் நில்லுங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே கிட்டுசாமி தன் மொபெட்டைச் சந்தின் குறுக்கே நிறுத்திவிடுகிறார். பிரச்சார ஆட்டோ முனகிக்கொண்டு நிற்கிறது. கூரையில் கட்டிய குழாய்கள் இரண்டும் கல்விக் கடன் முழுவதும் ரத்து என்று எங்கள் சந்து முழுவதையும் அதிர வைத்துக்கொண்டிருக்கின்றன. இவர் டிரைவர் பக்கம் குனிந்து, காதருகே வாயை வைத்துக் கேட்கிறார்: "படிச்ச பசங்களுக்குத் தள்ளுபடீன்னு சொல்றீங்க, ரொம்ப நல்லதுங்க. ஜாமீன் போட்டவனுக்கு என்னங்க பண்ணுவீங்க?"

டிரைவருக்கு எதுவும் தெரியாது. பின்னால் மைக் பிடித்திருக்கும் பையன்தான் பதில் சொல்வான். "அண்ணா, மொதல்ல வண்டிய எடுங்க. நாங்க இன்னும் காதர்பேட்டை போகோணும்." மறுநாள் வேறு கட்சி வரும். கொடியின் நிறம் மாறும், கேள்வி மாறாது. இதுவரை எந்தக் கட்சியும் அவருக்குப் பதில் சொன்னதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் ஊரில் கட்சி வித்தியாசமே கிடையாது.

எதிர்க் கடை என்னுடையது. அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அச்சடிக்கிறேன். மெஷின் ஓடும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கிட்டுசாமியைப் பார்ப்பதில் போகிறது. அவர் ஓரிடத்தில் நின்றால்தானே பார்த்து முடிக்க முடியும்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இஞ்ச் டேப்பும் போனும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். போன் அடித்தால் முதலில் டேப்தான் வெளியே வரும். புருவத்தில் எப்போதும் பனியன் பஞ்சு ஒட்டியிருக்கும். டீயை நின்றுகொண்டே குடிப்பார், அதுவும் பாதிதான். மீதிப் பாதிக்கு முன்னால் ஏதாவது ஞாபகம் வந்துவிடும். "இருங்க தம்பி, ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்றனுங்க" என்று கிளம்புவார். மொபெட்டைக் கிளப்புவார், அணைப்பார், உள்ளே ஓடுவார், கையில் ஒரு நூல்கண்டோடு வெளியே வருவார், அது எதற்கு என்று அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை சலூனில் பாதிக் கன்னம் சோப்போடு எழுந்து வந்து சந்து முனையில் போன் பேசிக்கொண்டிருந்தார். சலூன்காரர் கத்தியோடு வாசலில் காத்திருந்தார். புதிதாக அந்தப் பக்கம் வந்தவர்கள் வேறு மாதிரி நினைத்திருப்பார்கள்.

அவருடைய கம்பெனியில் நாற்காலி ஒன்று உண்டு. அதில் நூல் கோன் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு நீளமான ஷெட், வரிசையாகத் தையல் மெஷின்கள். பெரிய கம்பெனிகள் வெட்டி அனுப்பும் துணியைத் தைத்துக் கொடுக்கும் ஜாப்ஒர்க். ஒரு காலத்தில் எல்லா மெஷினும் ஓடின. இப்போது பாதிக்கு மேல் பழைய பனியன் துணி போர்த்தித் தூங்குகின்றன.

இவ்வளவு தூரம் தள்ளுபடியை விசாரிக்கிறாரே, பிள்ளைக்குக் கடன் வாங்கியிருப்பார் என்று யாரும் நினைப்பார்கள். அதுதான் இல்லை. ஒரே மகள் தேஜஸ்ரீ. பார்மஸி படித்து, ஈரோட்டில் கல்யாணமாகி, அங்கே புருஷனோடு மருந்துக் கடை வைத்திருக்கிறாள். அவள் படிப்புக்காகத் தன் ஊரான குண்டடத்தில் கிணற்றை ஒட்டியிருந்த நிலத்தை விற்றார். "நெலத்த வித்துப் படிக்க வெச்சதுக்கு எந்தக் கட்சிங்க தள்ளுபடி குடுக்கும்?" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தக் கேள்வியை மட்டும் எந்த ஆட்டோவிடமும் கேட்டதில்லை.

கடன் வாங்கியது அருண்பாண்டி. கிட்டுசாமியின் ஷெட்டில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் கருத்தம்மாவின் மகன். கருத்தம்மா விளாத்திகுளம் பக்கம். மழை இல்லாமல் காடு காய்ந்த வருஷத்தில் கைக்குழந்தையோடு திருப்பூருக்கு பஸ் ஏறியவர். அந்தக் குழந்தை வளர்ந்து இன்ஜினியரிங் சேர்ந்தபோது ஹாஸ்டல், பீஸ் என்று கடன் தொகை பெரிதாகிவிட்டது. வெளியாள் ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்றது பேங்க். கருத்தம்மாவுக்குத் திருப்பூரில் தெரிந்த கையெழுத்து முதலாளியின் கையெழுத்து ஒன்றுதான்.

அங்கேதான் கிட்டுசாமி தவறு செய்தார். குண்டடத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு என்று நான் சொல்வேன். அவர் ஊரில் யார் நிலம் வாங்கினாலும் விற்றாலும் சாட்சிக் கையெழுத்துக்கு இவரைத்தான் தாராபுரம் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போவார்கள். இவர் கையெழுத்துப் போடுவார், வாங்கியவர் ஓட்டலில் சாப்பாடு போடுவார், பஸ் ஏற்றி விடுவார், அதோடு முடிந்தது. அந்த நிலம் பிறகு என்ன ஆனாலும் சாட்சியின் தலையில் விழாது. பேங்கில் நீட்டிய காகிதத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். அடியில் தன் பெயர் இருக்கிறது, மேலே வேறு பெயர் இருக்கிறது, அப்படியானால் சாட்சிதானே. கையெழுத்துப் போட்டதும் வழக்கப்படி வெளியே வந்து நின்றார். கருத்தம்மாவும் புரிந்துகொண்டு எதிர் ஓட்டலில் பூரி கிழங்கு வாங்கிக் கொடுத்தார்.

"அந்தப் பூரிதாங்க தம்பி இன்னும் செரிக்கல" என்கிறார் இப்போது.

அருண்பாண்டி நன்றாகப் படித்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. கொஞ்ச காலம் ஒழுங்காகக் கட்டினான். பிறகு ஒரு தேர்தல் வந்தது, தள்ளுபடிப் பேச்சு வந்தது, கட்டுவதை நிறுத்தினான். தேர்தல் போயிற்று. பேச்சு போகவில்லை. அடுத்த தேர்தல் வந்துகொண்டிருக்கிறது.

இது எதுவும் கிட்டுசாமிக்குத் தெரியாது, ஒரு நல்ல காரியம் அவர் வாசலுக்கு வரும்வரை. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்று குழந்தைகள் பனியன் தைக்க வருஷம் முழுக்க வேலை தருகிறோம் என்றது. ஒரே நிபந்தனை, பழைய மெஷின்களை மாற்ற வேண்டும். ஆர்டர் வந்தால் ஷெட் முழுக்க ஓடும். வராவிட்டால் மிச்சம் ஓடுகிற மெஷின்களுக்கும் துணி போர்த்த வேண்டியதுதான். மெஷின் கடன் கேட்டுப் போன கிட்டுசாமியை மேனேஜர் மரியாதையாக உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை. "நீங்க ஜாமீன் போட்ட கடன் நிலுவையில நிக்குதுங்க. சிபில் கடன் பதிவுல உங்க பேரும் அடிபட்டிருக்கு. அது தீராம புதுக் கடன் ஏறாதுங்க" என்றார் மேனேஜர். சாட்சிக்கும் ஜாமீனுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் கிட்டுசாமிக்கு விளங்கியது.

அன்றிலிருந்து இந்த ஓட்டம். மெஷின் வாங்க முன்பணமாக அவர் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து அருண்பாண்டியின் நிலுவையைக் கட்டலாம். கட்டிய மறு மாதம் தள்ளுபடி வந்துவிட்டால் போனது போனதுதான். கட்டாமல் காத்திருக்கலாம். தள்ளுபடி வருவதற்குள் ஆர்டர் வேறு ஷெட்டுக்குப் போய்விடும். காலையில் கட்டிவிடலாம் என்று கிளம்புவார், பேங்க் வாசல் வரை போவார், யாராவது "இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க, அறிவிப்பு வருது" என்பார்கள், திரும்பி வருவார். அதனால்தான் ஆட்டோக்களை மறிக்கிறார். கடன் வாங்காத, படிக்காத, பிள்ளை படிப்புக்கு நிலத்தை விற்ற ஒரு மனிதர்தான் எங்கள் பகுதியிலேயே அதிகமாகத் தள்ளுபடியை எதிர்பார்த்துக் கிடந்தார். தள்ளுபடியில் அவருக்கு ஒரு பைசா கிடையாது, பெயர் மட்டும் திரும்பக் கிடைக்கும்.

கருத்தம்மாவிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நான் பலமுறை எரிந்து விழுந்திருக்கிறேன். கருத்தம்மாவோ, மகன் தவறாமல் கட்டுவதாகவே நம்பிக்கொண்டிருந்தார். பக்கத்து மெஷின்காரியிடம் அவர் சொல்வது என் கடை வரை கேட்கும். "எம் புள்ள மாசம் பொறந்தா மொதக் காச பேங்குலதான் போடுவான். கடன் வச்சிக் கஞ்சி குடிக்க மாட்டான், தெரிஞ்சுக்கோ." அந்த நேரம் பார்த்துக் கிட்டுசாமிக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். "ஒரு எட்டு வந்தர்றனுங்க."

"பெத்தவ பேச்சுல மண்ணப் போடோணுங்களா தம்பி?" என்றார் என்னிடம். கொஞ்ச நேரம் கழித்து, நேர்மையான மனிதர் என்பதால், மீதியையும் சொன்னார். "அதுவும் இல்லீங்க, அந்தம்மிணிக்கு ரோசம் சாஸ்தி. சனிக்கெழம சம்பளத்த வாங்கிட்டுத் திங்கக்கெழம வேற கம்பெனிக்குப் போயிட்டா, அந்த ஓவர்லாக்குல யாருங்க உக்காருவா?"

பொங்கலுக்கு அருண்பாண்டி வந்தான். கையில் ஸ்வீட் பாக்ஸ், வாசலில் புது பைக். சின்னப் பையனாக இருந்தபோது "மொதலாளி" என்றவன் இப்போது "சார்" என்கிறான். கிட்டுசாமி அவனைத் தனியாகப் பேசலாம் என்று என் கடைக்குக் கூட்டி வந்தார். தைரியத்துக்கு நான் பக்கத்தில் வேண்டியிருந்தது.

"கண்ணு, அந்தப் பேங்குச் சமாச்சாரம்" என்று ஆரம்பித்தார்.

அவன் முந்திக்கொண்டான். "சார், எங்கூடப் படிச்சவங்க பல பேரு ஒரு மாசம்கூடக் கட்டலை. நான் கட்டினேன். போன தேர்தல்ல என்னையத்தான் எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. இப்ப நான் முழுசாக் கட்டி, அப்புறம் தள்ளுபடி வந்தா யாருக்கு நஷ்டம், நீங்களே சொல்லுங்க."

"உங்களுக்குத்தானுங்க கண்ணு" என்றார் கிட்டுசாமி. கேட்டதற்கு உண்மையைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

"அதான் சார். தேர்தல் வரைக்கும் பொறுங்க. வரலேன்னா பாத்துக்கலாம்."

"செரிங்க."

அவ்வளவுதான். மெஷின் கடனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்தப் பையன் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் சொன்ன கணக்கில் தப்பு இல்லை, கிட்டுசாமியின் பெயர் மட்டும் அதில் இல்லை. என் கோபமெல்லாம் கிட்டுசாமி மேல்தான். "ஏங்கண்ணா வாயத் தொறக்கல?" என்றேன். "நல்ல நாளும் அதுவுமா வந்த பையங்கிட்ட நம்ம கஷ்டத்தச் சொல்லுவாங்களா?" என்றார். அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

கடைசியில் விஷயத்தை உடைத்தது பேங்கிலிருந்து வந்த வசூல் ஆள். நேரே ஷெட்டுக்குள் போய், "கருத்தம்மாங்கறது யாருங்க?" என்றார். கடனில் தாய் என்ற முறையில் அவர் பெயரும் உண்டு. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"நாந்தான்" என்றார் கருத்தம்மா. மகன் கட்டுவதை நிறுத்தி வெகுநாளாயிற்று என்று வந்தவர் சொன்னதைக் கேட்டார். நம்பவில்லை. "எம் புள்ளதான் கட்டுதானே" என்றார். வந்தவர் போனில் கணக்கைக் காட்டினார். கருத்தம்மா அதைப் பார்த்துவிட்டு முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையிலேயே இந்த மனிதருக்கு இது ரொம்ப நாளாகத் தெரியும் என்பது அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

கையிலிருந்த துணியைத் தைத்து முடித்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு சத்தமில்லாத இடம் தேடி என் கடை வாசலுக்கு வந்தார்.

"ஏலே, பேங்குக்காரக வந்துருக்காக." மகன் சொன்னதைக் கேட்டார். "தேர்தல் வரட்டுமா? தேர்தல்ல யாருலே நிக்கா, நம்ம மொதலாளியா?" மறுபடி கேட்டார். "சரி, ஒனக்குத் தள்ளுபடி ஆவும். நல்லாருப்ப. இந்த மனுசன் நாயா அலையுத அலைச்சல எவம்லே தள்ளுபடி பண்ணுவான்? நீ என்னய ஏய்ச்சது எனக்குப் பெருசில்ல. பூரி வாங்கிக் குடுத்து ஒருத்தர் பேர வாங்கிட்டு வந்தேன். அத நான் திருப்பிக் குடுக்கணுமா இல்லையா?"

அவர் அழவில்லை. நான்தான் ஸ்டிக்கர் ரோல் தீர்ந்துவிட்டது போல உள்ளே போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது கருத்தம்மா சொன்னார்: "இதுல பாதிய நீங்களே பிடிச்சிக்கோங்க மொதலாளி."

"கூலிய நானெப்புடிங்க அம்மிணி புடிப்பேன்? அது உங்க பாடுங்க."

"அப்ப ஒங்க பேர மட்டும் நான் எப்பிடிப் பிடிச்சி வச்சிருக்கதாம்?"

கிட்டுசாமி திங்கட்கிழமை காலையில் யாரிடமும் கேட்காமல், எந்த ஆட்டோவையும் மறிக்காமல், பேங்குக்குப் போய் நிலுவை முழுவதையும் கட்டிவிட்டு வந்தார். மொபெட்டை அணைக்காமலே என்னிடம் சொன்னார்: "முடிச்சுட்டனுங்க தம்பி. பேரு சுத்தமாயிருச்சு."

"அப்ப மெஷின் கடன்?"

"சிபில்ல ஏற இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகுமாங்க. முன்பணத்தையும் மறுக்காச் சேத்தோணும். ஆர்டரு பல்லடத்துல ஒருத்தருக்குப் போயிருச்சுங்க" என்றார். வேறு யாருடைய ஆர்டரையோ சொல்வது போலச் சொன்னார். இனிமேல் தள்ளுபடி வந்தால் மீதிக் கடன் அருண்பாண்டிக்குக் கழியும். இவர் கட்டியதை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. அதைச் சொல்லிக் காட்டினேன். "ஆமாங்க" என்றார். "ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்றனுங்க" என்று போய்விட்டார்.

அருண்பாண்டி அந்த வாரமே அம்மாவுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினான். மீதியைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். கருத்தம்மா அதோடு தன் கூலியில் பாதியையும் சேர்த்து முதலாளியின் கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். கிட்டுசாமி, அருண்பாண்டி அனுப்பியதை மட்டும் எடுத்துக்கொண்டு, கூலியைக் கருத்தம்மாவின் தூக்குவாளிக்குள் போட்டு அனுப்பினார். அது மறுநாள் கத்தரிக்கோலுக்கு அடியில் மறுபடி இருந்தது. கடைசியில் இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். "மொதலாளிட்ட குடுத்துருங்க" என்று கருத்தம்மா வைத்துவிட்டுப் போனார். "அம்மிணி கையில குடுத்துருங்க தம்பி" என்று இவர் சொல்லிவிட்டுப் போனார். வாரா வாரம் அது என் மேஜை டிராயரில் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஜாமீன் போடாமலே நானும் மாட்டிக்கொண்டேன்.

நேற்று சாயங்காலம் பிரச்சார ஆட்டோ மறுபடி வந்தது. கல்விக் கடன் முழுவதும் ரத்து, வட்டியும் சேர்த்து ரத்து என்று குழாய்கள் முழங்கின. ஷெட்டுக்குள் மெஷின்கள் நின்றன. எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். கருத்தம்மாவின் ஓவர்லாக் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டுசாமி விறுவிறுவென்று வெளியே வந்தார். அவர் மொபெட் ஏற்கெனவே சந்தில் பாதியை அடைத்துக்கொண்டுதான் நின்றிருந்தது. இன்றைக்கு என்ன கேட்கப் போகிறாரோ என்று நானும் வாசலுக்கு வந்தேன். டிரைவர் வழக்கம் தெரிந்தவர். தானாகவே வண்டியை நிறுத்தினார். மைக் பையனும் பேச்சை நிறுத்திவிட்டு, "கேளுங்கண்ணா" என்றான்.

கிட்டுசாமி மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து எடுத்துச் சுவரோரம் உருட்டிச் சேர்த்தார். ஆட்டோவின் பக்கவாட்டில் நின்று, கொடிக் கம்பி என் கடை போர்டில் உரசிவிடாமல் ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டி வழி காட்டினார். "வரட்டுங்க, வரட்டும். கொஞ்சம் இந்தப் பக்கம் ஒடிங்க. வரட்டும், போலாமுங்க."